பதினான்காவது மடிப்பு

இஸ்திரி போடும் மடிப்பண்ணா தினமும் காலையில் ஒரு துண்டைக் குளிப்பாட்டுகிறாராம். குளிப்பாட்டித் துடைத்து, அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டு ஈரம் பார்க்கிறாராம். மத்தியானம் சலவைக்கடையின் பின்னறையில் மறுபடியும் அதே காரியமாம். இதைத் தையல்காரியிடம் சொன்னது வேன் ஓட்டுநர். அவனுக்குச் சொன்னது கொதிகலனைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக். மெக்கானிக் கதவிடுக்கு வழியாகக் கண்ணால் பார்த்தவன். வேன் ஓட்டுநர் கைக்கு வந்த சேதி எதுவும் வந்தபடியே போகாது. ஒரு மூட்டை கூடித்தான் இறங்கும். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வச்ச கதை கேட்டிருக்கோம்க்கா. நாயே இல்லாம குளிப்பாட்டறதை இப்பத்தான் கேக்கறேன்" என்றான்.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அந்தத் துண்டைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

இந்தச் சலவைக்கடைக்கு அவள் வந்து ஒரு வருடம் ஆகிறது. கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, ஒருவருக்கு இடுப்பைப் பிடித்துத் தைப்பது, ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்கு அதே இடுப்பை விட்டுக் கொடுப்பது, இவைதான் அவள் வேலை. அவளுடைய தையல் மெஷினுக்கும் மடிப்பண்ணாவின் இஸ்திரி மேசைக்கும் நடுவில் கோட்டுகள் தொங்கும் ஒரு கம்பி மட்டும்தான். வேண்டாமென்று முகத்தைத் திருப்பினாலும் காதில் விழுகிற தூரம்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தாறு வருடமாக நீராவிக்கு முன்னால் நிற்பதால் முகம் எப்போதும் இப்போதுதான் கழுவியதுபோல இருக்கும். வேலை நேரத்தில் மனிதர்களிடம் பேசமாட்டார்; துணியிடம் பேசுவார். காலரை மேசையில் விரிக்கும்போது "இரும்மா, இரு" என்பார். கைப்பட்டை முடிந்ததும் "இந்தா, ஆச்சு" என்பார். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையை நம்பமாட்டார். புறங்கையால் தொடுவார், அதிலும் சந்தேகம் என்றால் துணியைத் தூக்கி மேலுதட்டில் வைப்பார். ஏன் என்று ஒரு தடவை கேட்டாள். "உள்ளங்கை வேலை செஞ்சு மரத்துப் போச்சும்மா. உதடு பேசறப்பதான் பொய் சொல்லும். தொடறப்ப சொல்லாது."

சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். முழங்கைக்குள் சுருக்கம் குறுக்கே வெட்டினால் நாளெல்லாம் மேசை வேலை. முதுகில் விசிறிபோல ஒருபக்கம் மட்டும் விரிந்தால் கார் ஓட்டுகிறவர். ஒருநாள் நல்ல விலையுள்ள வெள்ளைச் சட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அதன் கீழ்நுனியில் கசங்கிக் கிடந்த ஒரு பிடி அளவு இடத்தைக் காட்டினார். "இவரு யாருக்கோ பயப்படறாரு. நுனியைப் பிடிச்சுக்கிட்டே நின்னிருக்காரு பாரு." சொல்லிவிட்டு நீராவியை விட்டு, மரக்கட்டையால் ஓர் அழுத்து அழுத்தினார். யார் யாருக்குப் பயந்தார் என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் தையல்காரி தன் சட்டையின் நுனியைத்தான் முதலில் பார்த்தாள்.

இப்படிப்பட்ட மனிதர் சில மாதங்களுக்கு முன் ஒரு பெரிய குளியல் துண்டையும், மடிப்புகளை மட்டும் கோடாகப் போட்ட ஒரு படத்தையும் கொண்டுவந்து, இதில் பதினாலு மடிப்பு வைத்துத் தைத்துத் தா என்று நின்றார். மெத்தை உறையோ என்னவோ என்று நினைத்து, அவள் அளவுகோல் வைத்து, அச்சில் வார்த்ததுபோலப் பதினான்கையும் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "இவ்வளவு ஒழுங்கா வேண்டாம்மா. ஒண்ணு கோணலா இருக்கணும். கடைசி மடிப்பு பதிமூணாவதுக்கு உள்ள போய் ஒளிஞ்சுக்கணும்." வாழ்நாளெல்லாம் கோணலை நேராக்கியவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. தையலைப் பிரித்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கோணலாகத் தைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வேன் ஓட்டுநர் சொன்ன மறுநாள் கேட்டே விட்டாள். அவர் கூச்சப்படவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் மணிமணியான எழுத்தில் 'சுருக்கம்' என்றிருந்தது. நல்லவேளை, சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறார் என்று அவள் பிரித்தாள். நூற்றுத் தொண்ணூறு பக்கம்.

"சுருக்கம்னு போட்டுட்டு இவ்வளவு எழுதியிருக்கீங்களே அண்ணா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு இரண்டு விரலால் தன் நெற்றித் தோலைக் கிள்ளிப் பிடித்துக் காட்டினார். "அந்தச் சுருக்கம் இல்லம்மா. இந்தச் சுருக்கம்."

அன்றிலிருந்து கடையில் அவரிடம் யாராவது எதையாவது சுருக்கமாகச் சொல்லச் சொன்னால், வேன் ஓட்டுநர் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறான்.

நோட்டு முழுக்க ஒரே ஒரு நாய் இனம். பெயர் ஷார் பே. மணல்போல் சொரசொரப்பான தோல் என்று அந்தப் பெயருக்குப் பொருள். இரண்டு நாய்க்குப் போதுமான தோலை ஒரு நாய் போர்த்திக்கொண்டதுபோல நெற்றியிலும் கழுத்திலும் தோளிலும் மடிப்பு மடிப்பாக விழும். தையல்காரி வேலைக்கு வந்த புதிதில், ஒரு மழைநாளில், கோட்டு கொடுக்க வந்த ஒருவர் அப்படியொரு நாயைக் கூட்டிவந்திருந்தாராம். அவள் அன்று விடுப்பு. சூடான இஸ்திரிப்பெட்டியை விட்டு ஒருபோதும் நகராதவர் அன்று நகர்ந்து வந்து நாய் முன்னால் குந்தினார். அது மடிப்புகளுக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது. பிறகு தாடையைக் கொண்டுபோய் அவர் செருப்பின் மேல் வைத்தது. நாயைக் கூட்டிவந்தவர், இதையும் இஸ்திரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். கடையே சிரித்தது. நாய் வாலை மட்டும் நிமிர்த்தச் சொல்லாதீங்க, அது இவராலேயே முடியாது என்று வேன் ஓட்டுநர் எடுத்துக் கொடுத்தான். மடிப்பண்ணா சிரிக்கவில்லை.

"முதல் தடவையா ஒரு சுருக்கத்தைப் பாத்துக் கை சும்மா இருந்துச்சும்மா" என்றார் அவளிடம்.

வேறொருவராக இருந்தால் அடுத்த வாரமே போய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். இவர் விடுப்பு நாட்களில் கால்நடை மருத்துவமனைக்குப் போய் மற்றவர்களோடு வரிசையில் உட்கார ஆரம்பித்தார். உங்கள் பிராணி எங்கே என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டதற்கு, இன்னும் வரவில்லை என்று சொன்னாராம். நாலாவது வாரத்திலிருந்து அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நாற்காலி மட்டும் எடுத்துப் போட்டாள். அந்த ஊர் முழுக்க இந்த இனத்து நாய் வைத்திருப்பவர்கள் மூன்றே பேர். மூவரையும் அங்கேயே பிடித்துவிட்டார். இமை உள்பக்கமாக மடிந்து மயிர் விழியைக் கீறும். சிலதுக்கு இமையில் தையல் போட வேண்டும். காதுத்துளை பென்சில் நுழையாத அளவு குறுகல். ஒரு பகல் முழுக்க நன்றாக ஓடிய நாய்க்குத் திடீரென்று காய்ச்சல் கண்டு, பின்னங்கால் மூட்டு வீங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் மடிப்பு. ஒவ்வொன்றையும் பிரித்துத் துடைத்து, துடைத்ததை உலர்த்த வேண்டும். ஒன்றில் ஈரம் தங்கினால் மூன்றாம் நாள் புண்.

நோட்டின் இடப்பக்கத் தலைப்பு 'வாங்கற விலை'. அதன் கீழ் ஒரே ஒரு வரி. வலப்பக்கத் தலைப்பு 'வச்சிருக்கற விலை'. அது அறுபது பக்கம் ஓடியது. மருந்து, கண்சொட்டு, இமைக்கு அறுவை, சொறி வராத தீனி என்று ஆரம்பித்துப் போகப்போக அது வேறொன்றாக ஆகிவிட்டிருந்தது. மாடிப்படியில் தூக்க வேண்டியிருந்தால் என் முழங்கால் என்று ஒரு வரி. பத்து வருஷம் இருந்தால் எனக்கு அறுபத்தாறு என்று ஒரு வரி. வீட்டுக்காரிக்கு நாய் வாசனை பிடிக்காது, கேட்க வேண்டும் என்று ஒன்று. அதற்குக் கீழேயே, வேறு மையில், திரும்பவும் கேட்க வேண்டும்.

தையல்காரி அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டாள். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாகியும், பெட்டியில் மடக்கி வைக்க முடியாத எதையும் அவள் வாங்கியதில்லை. வீட்டில் இருக்கும் நாற்காலிகூட மடக்கு நாற்காலி. எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம் என்பது ஒரு தைரியம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தொட்டும் பார்க்காத ஒரு நாயின் பத்தாவது வயதுக்காக ஒரு மனிதர் தன் முழங்காலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

துண்டு வந்த கதை அவர் மனைவியிடமிருந்து தொடங்குகிறது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். சீட்டில் எழுதியது ஒன்று, கேட்பது ஒன்று என்றால் யாராக இருந்தாலும் மருந்தைக் கொடுக்கமாட்டார். நாயைப் பற்றிக் கணவர் இரண்டாம் முறை கேட்டதும் அவர் சொன்ன பதிலை மடிப்பண்ணா ஒரு எழுத்து விடாமல், அதே குரலில் சொல்லிக் காட்டினார். "ஊரார் துணியெல்லாம் மடிப்புக் கலையாம கொடுக்கறீங்க. கல்யாணமான நாள்லேந்து குளிச்ச துண்டைக் கொடியில போட்டிருக்கீங்களா? கட்டில் மேலதானே கிடக்குது. முதல்ல ஒரு துண்டைத் தொண்ணூறு நாள் ஒழுங்காத் துடைச்சு வச்சுக் காட்டுங்க. அப்புறம் நாயைப் பத்திப் பேசலாம்."

அவர் குத்திக் காட்டத்தான் சொன்னார். இவர் அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டார். மறுநாளே துண்டோடு தையல்காரி முன்னால் வந்து நின்றது அப்படித்தான்.

காலையில் மனைவியின் முன்னால் வீட்டில் ஒரு தடவை, மத்தியானம் கடையில் ஒரு தடவை. துண்டை நனைத்துப் பிழிவார். மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றி, முதல் மடிப்பிலிருந்து பதினான்காவது வரை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒற்றியெடுப்பார். தேய்க்கக் கூடாது, தோல் சிவக்கும். கடைசி மடிப்பு வரை புறங்கை. சந்தேகம் வந்தால் மேலுதடு. துண்டுக்கு ஏது வேதனை என்று நினைக்கிறவர்கள் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நெற்றி மடிப்பைத் தொடும்போது, அதற்குக் கண் மறையும் என்பதால், பக்கவாட்டிலிருந்துதான் கையைக் கொண்டுபோவார். "வர்றேன், இதோ கை வருது" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

நாற்பத்தொன்றாம் நாள் தப்பு நடந்தது. மத்தியானம் ஒன்பதாவது மடிப்பில் இருக்கும்போது ஃபோன் அடித்தது. மனைவிதான், வரும்போது சோப்பு வாங்கி வரச் சொல்ல. எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பியவர் பத்திலிருந்து தொடர்ந்தார். ஒன்பது ஈரமாகவே கிடந்தது. இரண்டு நாள் கழித்துத் துண்டில் லேசாக ஒரு நாற்றம். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவரே போய் மனைவியிடம் சொல்லி, கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். மனைவிக்கே மனசு கேட்கவில்லை. "என்னாலதானே ஆச்சு. அதை விட்டுடுங்க" என்றாராம்.

"நாய்க்கு அந்தக் கணக்கு தெரியுமா?" என்று கேட்டாராம் இவர். அதன்பிறகு வீட்டில் நாய் வாசனையைப் பற்றிய பேச்சு எழவில்லை. குளித்த துண்டும் கொடிக்குப் போய்விட்டது.

அந்த நோட்டில் தையல்காரியை அசர வைத்த இடம் வேறு. நூற்று நாற்பதாம் பக்கம். பெரிய எழுத்தில், 'குட்டி வாங்க வேண்டாம்.' அதன் கீழ்: 'இந்தச் சுருக்கம் நாய்க்காக வந்தது இல்லை. பார்க்கிறவர்களுக்காக மனுஷன் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிக்கொண்டே போனது. நானும் பார்த்தவன்தான்.' எட்டு மாத ஆசை, எட்டு மாத விசாரணை, கடைசியில் தன் ஆசைக்கே எதிராகத் தீர்ப்பெழுதிக் கீழே தேதி போட்டிருந்தார்.

"அப்புறம் எதுக்கு அண்ணா இன்னும் துடைக்கறீங்க?"

"புதுசா ஒண்ணு பிறக்க வேண்டாம்மா. ஏற்கெனவே பிறந்தது என்ன பண்ணும்?"

ஏற்கெனவே பிறந்த ஒன்று இருந்தது. நகரத்துக்கு வெளியே இந்த இன நாய்களை வளர்த்துவந்த ஓர் அம்மாளைத் தேடிப் பிடித்திருந்தார். அவரும் இப்போது குட்டி போட விடுவதில்லை. விற்றவற்றில் திரும்பி வருவதைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்று அவரிடம் இருந்தது. முதல் வீட்டில் மடிப்புகளில் புண் வர விட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் நாற்றம் தாங்கவில்லை என்று கொடுத்தார்கள். மடிப்பண்ணா போய் நாயைப் பார்க்கும் முன் நோட்டைப் பிரித்து அறுபத்து மூன்று கேள்வி கேட்டார். அம்மாள் முப்பதாவதில் களைத்துப்போய், நீங்க நாய் கேட்டு வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா என்று கேட்டாராம். அறுபத்து மூன்றாவது கேள்வி, அதைக் கூப்பிடும்போது எந்தக் குரலில் கூப்பிட்டால் பயப்படாது என்பது. அந்த அம்மாள், இதை யாரும் கேட்டதில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றாராம்.

ஆனால் கேட்டவர் இவர் மட்டுமில்லை. தோட்டமும் காரும் உள்ள ஒரு குடும்பமும் கேட்டிருந்தது. அவர்கள் இன்று ஒரு மணிக்கு நாயைப் பார்க்க வருகிறார்கள். இவர் வீடோ இரண்டாவது மாடி. காருக்குப் பதில் பேருந்துச் சீட்டு. அதற்குள் யோசித்து, உங்களுக்குத்தான் என்றால் ஒரு மணிக்கு முன்னால் கூப்பிடுவேன், அவர்களை வர வேண்டாமென்று சொல்லிவிடலாம், கூப்பிடவில்லை என்றால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அம்மாள் சொல்லியிருந்தார்.

இன்று இரண்டாவது கணக்கின் தொண்ணூறாவது நாள். திட்டமிட்டு வந்த பொருத்தம் இல்லை. நாள் அப்படி விழுந்தது. காலையிலிருந்து மடிப்பண்ணா பதினெட்டுச் சட்டை முடித்தார். ஒன்றில்கூடக் குறை இல்லை. ஆனால் துணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபோனை மேசையின் மூலையில் வைத்திருந்தார். பன்னிரண்டு அடித்தது, அரை அடித்தது. அது பேசவில்லை. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. அவருக்கும் சேர்த்துத் தையல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால்சட்டையை இரண்டு தடவை தப்பான இடத்தில் மடித்துத் தைத்துவிட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வழக்கம்போல் துண்டை நனைத்து எடுத்தார். இன்றைக்கு ஒருநாள் ஒன்றரைக்குச் செய்யக் கூடாதா என்று அவள் கேட்டதற்கு, அதுக்குத் தினமும் இந்நேரம்தானே என்றார். அதுக்கு என்றால் எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. ஃபோனோடு அவர் பின்னாலேயே பின்னறைக்குப் போய் நின்றாள். மூட்டை எடுக்க வந்த வேன் ஓட்டுநரும் கதவருகே நின்றான். எடுத்த மூட்டையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

பதின்மூன்றாவது மடிப்பை அவர் ஒற்றிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. அந்த அம்மாள்தான்.

தையல்காரியின் கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்குப் போய்விட்டது.

"எடுக்காதம்மா." குரல் உயரவில்லை. "எடுத்தா நான் பேசணும். பேசினாக் கை நின்னுடும்."

"அண்ணா, அவங்க வெச்சுட்டாங்கன்னா?"

அவர் பதின்மூன்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பருத்தித் துணியின் உலர்ந்த பக்கத்தைத் திருப்பி விரலில் சுற்றிக்கொண்டார். மிச்சமிருந்தது ஒன்றுதான். பதின்மூன்றுக்குள் ஒளிந்துகொள்ளும்படி, கோணலாக, அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தைத்த அந்தக் கடைசி மடிப்பு. அதை ஒரு கையால் பிரித்துப் பிடித்து மறு கையால் ஒற்றுவது எப்போதும் கஷ்டம், அடிக்கடி மூடிக்கொண்டுவிடும்.

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. தையல்காரி அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, தன் இரண்டு விரலால் அந்த மடிப்பின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வர்றேன், இதோ கை வருது" என்றார் அவர். ஒற்றினார். புறங்கையால் தொட்டார். சந்தேகம் தீரவில்லை. பிறகு மெல்லக் குனிந்து, அடித்துக்கொண்டிருக்கும் ஃபோனுக்குப் பக்கத்தில், மேலுதட்டைப் பதினான்காவது மடிப்புக்குள் வைத்தார்.